பின்னால் மிதித்தால் நிற்கும்

சைக்கிள் கடைக்கு வந்து, "வண்டி நல்லா ஓடுது, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொன்ன ஒரு மனிதரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கோளாறு வந்தால்தான் நம் முகம் அவர்களுக்கு ஞாபகம் வரும். காற்றடித்துத் தோள்பட்டை கழன்றவர்களும், கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் நான் சொல்லப்போவதற்குத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சும்மா படியுங்கள். ஆனால் எந்த மெக்கானிக்கையும் முழுசாக நம்பிவிடாதீர்கள், என்னையும் சேர்த்து.

இரும்புக் கடையில் கிடைத்த ஐந்து

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, ஆயுத பூஜைக்கு முன்னால் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தேன். ஒரு பழைய இரும்புக் கடையில் ஐந்து சைக்கிள் பிரேம்கள் தூசி படிந்து தொங்கின. வடக்கே எங்கோ, மண் தரையில் வட்டமடித்து ஓட்டும் பந்தயத்துக்கென்று செய்தவையாம். ஆர்டர் கொடுத்தவர்கள் எடுக்கவில்லை, கை மாறிக் கை மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தன. குட்டையான, கெட்டியான பிரேம். மட்கார்டு மாட்ட வழியில்லை, கேரியர் மாட்ட வழியில்லை, பிரேக் மாட்ட ஓட்டைகூட இல்லை. ஆனால் விலை கொள்ளை மலிவு. ஐந்தையும் கட்டி பஸ் கூரையில் ஏற்றி ராஜபாளையம் கொண்டுவந்துவிட்டேன்.

பிரேக் இல்லாத பிரேமை என்ன செய்வது? அதற்கும் என்னிடம் யோசனை இருந்தது. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் பாட்டுக்கு ஓடும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃபிரீவீல்தான் காரணம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பல்சக்கரத்தைச் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில் இறுக்கிவிட்டால், சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். பெடலைப் பின்னால் அழுத்தினால் சக்கரம் நிற்கும். காலே பிரேக். பழகிவிட்டால் கால் ஊன்றாமல் நடுரோட்டில் அசையாமல் நிற்கலாம். பொங்கலுக்கு ஊர் ஊராக நடக்கும் ஸ்லோ சைக்கிள் போட்டியில், கடைசியாக வருகிறவன்தானே ஜெயித்தவன்? அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழன்றுவராமல் இருக்க, மேலே எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் இறுகும் இடது மரை போட்ட வளையம் ஒன்றை வைத்து இறுக்க வேண்டும். நம்மூர் ஹப்பில் இடது மரை ஏது? பழைய சைக்கிளின் மிதிகட்டை அச்சில் இருக்கும் லாக் ரிங், அதே மரையில் ஏறியது. சாதாரண வலது மரைதான். பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். பக்கத்து வெல்டிங் பட்டறை துரைராஜ் எட்டிப் பார்த்து, ரிங்கையும் சக்கரத்தையும் சேர்த்து நாலு பொட்டு பற்றவைத்துவிடலாம் என்றான். பளபளவென்று இருக்கும் ஹப்பைக் கருக்கிவிடுவான், பிறகு பல்சக்கரத்தை மாற்றவும் முடியாது என்று நான் மறுத்துவிட்டேன். துரைராஜ் முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னான்:

"நிக்க வேண்டிய எடத்துல வண்டி நிக்கலைன்னா, ஹப்போட அழகைப் பாத்துக்கிட்டே போகச் சொல்லு."

கண்டக்டர் கொண்டுவந்த சேதி

நாலு வண்டி ஒரே மாதத்தில் போய்விட்டது. ஒன்று மில் தொழிலாளி வேலுச்சாமிக்கு. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பீர்முகம்மது பாய்க்கு. ஒன்று வ. புதுப்பட்டி குருசாமிக்கு. நாலாவதை வாங்கியது செல்லத்தாய். பிளவக்கல் அணையில் ஷட்டர் திறந்து மூடும் லஸ்கரின் மகள், இருபத்தொரு வயது. குடியரசு தினத்துக்குப் பெண்களுக்கு சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தானே கடைக்கு வந்து, தானே ஓட்டிப் பார்த்து வாங்கினாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அணைக்கரைமேல் ஏறி, அந்த இறக்கத்தில் இறங்கிப் பழகப்போவதாகச் சொன்னாள். ஐந்தாவது எனக்கு. கடை வாசலில் விளம்பரத்துக்கு நிறுத்திவைத்தேன்.

கார்த்திகை முடிகிற நேரம். வத்திராயிருப்புப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் கடைக்கு வந்தார். "அணையில அந்தப் பிள்ளை சொல்லி விட்டுச்சு. பின்னால அமுக்கும்போது பெடல் செத்த இளகுதாம், ஒரு நூலு அளவுக்கு. என்ன செய்யணும்னு கேக்குது." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பூட்டிய வண்டியில் குறையா? "புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாயிரும்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பஞ்சர் டியூபைத் தண்ணீரில் முக்கினேன். இன்றைக்கும் அந்த வார்த்தைகள் ஞாபகம் வந்தால் உடம்பு கூசுகிறது. கண்டக்டர் போகும்போது ஒன்று சொன்னார்:

"சொல்லிருதேன் அண்ணாச்சி, ஆனா அது சும்மா கேக்குத பிள்ளை மாதிரி தெரியல."

மில் வாசலில்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் வேலுச்சாமி ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கை உரிந்திருந்தது. மில் வாசலில் ஆட்கள் குறுக்கே வர, பின்னால் அழுத்தியிருக்கிறார். நிற்கவில்லை. டீக்கடை பெஞ்சில் மோதித்தான் நின்றிருக்கிறார். நல்லவேளை, பெஞ்சில் ஆளில்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். லாக் ரிங் ஹப்பின் விளிம்பில் லொடலொடவென்று கிடந்தது. முன்னால் மிதிக்கிறவரை பல்சக்கரம் இறுகிக்கொண்டே இருக்கும். பின்னால் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ரிங் துளித்துளியாகத் தளரும். வலது மரைக்கு அதுதான் குணம். இறங்குகிற பாதையில் தினமும் அழுத்திக்கொண்டே வந்தால்? 'பெடல் செத்த இளகுது.' ஒரு மாதத்துக்கு முன்பே அந்தப் பெண் சொல்லியனுப்பிவிட்டாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

துரைராஜைக் கூப்பிட்டேன். அவன் முகமூடியோடு வந்து உட்கார்ந்தான். நாலு பொட்டு வைத்து முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. செல்லத்தாய் அணைக்கரை ஏறுவது நாலு மணிக்கு. பிளவக்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், புதுப்பட்டி, வத்திராயிருப்பு என்று ஒரே வழிதான், மற்ற இருவரும் அதே வழியில். போகிற போக்கில் அவர்களுடைய செயினைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டால் வண்டியை யாரும் ஓட்ட முடியாது. நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அந்த அவசரத்தில் பஸ்ஸை நம்பவில்லை. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற சைக்கிளில் ஏறி மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் வேலுச்சாமி துரைராஜிடம் சொல்வது கேட்டது:

"பின்னால மிதிச்சா நிக்கும்னாரு. மிதிச்சேன். பெடல் பின்னால போச்சு, நான் முன்னால போயிட்டேன்."

பாயின் வயிறு

பீர்முகம்மது பாய்க்கு அறுபது வயது. டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதால் வாங்கினார். மிதிப்பதை நிறுத்தவே முடியாத சைக்கிள் என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பிடித்துப்போன விஷயம். தினமும் விடியற்காலையில் ரத வீதியில் நாலு சுற்று. கடையில் எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே அதைத் துடைத்து நிறுத்தியிருந்தார்.

முதலில் அவருடைய ஃபோனில் அணை ஆபீஸைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஏதோ ஒரு பார்ட்டி கேட்டிருக்கான், என் வண்டியை நீ அவனுக்குத் தள்ளிவிடப் பாக்குற" என்றார். செயினில் கை வைத்தால் கையைத் தட்டிவிட்டார். என்னுடைய சைக்கிளை உள்ளே கொண்டுவந்து, பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைப் பின்னால் அழுத்திக் காட்டினேன். "இப்படி இறுக்கமா நிக்கணும், பாய். உங்களுது நாளைக்கு நிக்காது." அவருடையதை அழுத்தினேன். ஒரு நூல் இளகியது. அதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார். இதற்குள் ஒரு மணி ஆகிவிட்டது. செயினைச் சுருட்டிப் பையில் போடும்போது, இளைக்கவே இளைக்காத தன் வயிற்றைத் தடவிக்கொண்டு பாய் சொன்னார்:

"டாக்டர் வயித்தைக் குறைக்கச் சொன்னாரு, நீ வந்து சைக்கிளைக் குறைச்சுட்டுப் போற."

நிற்கிற சைக்கிள்

புதுப்பட்டி குருசாமி விவசாயி. முந்தின மூன்று பொங்கலுக்கும் ஸ்லோ சைக்கிளில் இரண்டாவதாக வந்து நொந்துபோனவர். இந்த வருஷம் ஜெயித்தே தீருவது என்று இருந்தார். மாட்டுக் கொட்டத்தில் ஒரு காளை, அடுத்து சைக்கிள், அடுத்து இன்னொரு காளை என்று கட்டிவைத்திருந்தார். சைக்கிளுக்கும் கயிறு போட்டிருந்தார்.

செயினைக் கழற்றணும் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் சொல்லித்தான் நான் வந்திருக்கிறேன் என்று ஒருவர் தீர்மானமாகச் சொன்னார். பையைப் பிடுங்கிப் பார்த்தார்கள், உள்ளே பாயின் செயின். "ஏலே, இவன் ஊர் ஊரா செயின் உருவிக்கிட்டு வாரான்லே" என்றது ஒரு குரல். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். எனக்கு அடி வாங்குவதுகூடப் பெரிதாகப் படவில்லை. யாரோ கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால், அதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"பிளவக்கல் லஸ்கர் மக இதே வண்டியில அணைக்கரை எறங்குது. அது விழுந்துரும். நான் போயாகணும்" என்று கத்திவிட்டேன். சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. லஸ்கரை அங்கே எல்லோருக்கும் தெரியும், அவர் ஷட்டர் திறந்தால்தானே வயலுக்குத் தண்ணீர். குருசாமியே பையை எடுத்துக் கொடுத்து வழி விட்டார். ஆனால் தன் செயினைத் தர மாட்டேன் என்றுவிட்டார். விழுந்தால் நான் பொறுப்பில்லை என்றேன். அவர் காளையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்:

"அண்ணாச்சி, நான் இதை வாங்குனது நிக்கதுக்கு. ஓடுததுக்கு வீட்ல வேற சைக்கிள் கெடக்கு."

நாலு மணிக்கு

வத்திராயிருப்பைத் தாண்டியபோது தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன. மதியம் சாப்பிடவில்லை. மாந்தோப்புகளுக்கு நடுவே எதிர்காற்று. மனசு சும்மா இருக்கவில்லை. அவளுடைய அப்பாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே மிதித்தேன். கண்டக்டரிடம் நான் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கும். 'புது வண்டி அப்படித்தான் இருக்கும்.' அதற்கு மேல் அவர் என்னிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

அணைக்கரை கண்ணில் பட்டபோது, உச்சியில் ஒரு சைக்கிள் தெரிந்தது. கால்சட்டை போட்ட உருவம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. கரையிலிருந்து இறங்கும் பாதை நேராக வந்து, கீழே வாய்க்காலை ஒட்டி இடதுபக்கம் திரும்பும். திரும்பத் தவறினால் கல் கட்டிய வாய்க்கால் கரை. இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். காற்று என் பக்கம்தான் அடித்தது. அவள் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதைப் பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. தவழ்ந்தேன் என்பதுதான் சரி.

பாதி வழியில் அவள் என்னை நோக்கி இறங்கி வந்தாள். வேகமாகத்தான் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எனக்கு இரண்டு முழம் தள்ளி, கால் ஊன்றாமல், பெடல்மேல் நின்றபடி சைக்கிளை அசையாமல் நிறுத்தியிருந்தாள். "என்ன அண்ணாச்சி, இம்புட்டு தூரம்?" என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளுடைய பின்சக்கரத்தைப் பார்த்தேன். பல்சக்கரத்தைச் சுற்றி நாலு வெல்டிங் பொட்டு. கறுத்து, அசிங்கமாக, கல் மாதிரி உறுதியாக. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

ஷட்டர் வேலைக்கு வந்திருந்த வெல்டரிடம் காட்டி, என் பதில் வந்த மறுநாளே பற்றவைத்துவிட்டாளாம். யார் பூட்டியது என்று கேட்டு அந்த வெல்டர் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். செல்லத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் உங்க பேரைச் சொல்லல, அண்ணாச்சி."

இறக்கம்

மேலே அவளுடைய அப்பா தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒரு உயிரும் போகவில்லை. வேலுச்சாமி வண்டி சரியாகிவிட்டது, பாயின் செயின் என் பையில், குருசாமி வண்டி காளைகளுக்கு நடுவில், இவளுடையது எனக்கு முன்னால் முழுசாக. நாலும் முடிந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலுதான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. வாரேன் என்று சொல்லிவிட்டு என் சைக்கிளில் ஏறி இறக்கத்தில் விட்டேன்.

உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுப் பத்துப் பதினைந்து தடவை பின்னால் அழுத்தியிருப்பேன். ராஜபாளையத்திலிருந்து அதுவரை முழுக்கச் சமதரை, அப்படி அழுத்த வேண்டிய தேவையே வரவில்லை. திடீரென்று காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் போனது. பெடல் பின்பக்கமாகத் தானே சுற்றியது. அந்த ஒரு நொடியில்தான், நம்புங்கள், அந்த ஒரு நொடியில்தான் எனக்கு ஐந்தாவது சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது. காலையிலிருந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் மற்ற நாலையும் தேடி அலைந்திருக்கிறேன். பாய்க்கு 'இப்படி இறுக்கமா நிக்கணும்' என்று காட்டியதும் இதைத்தான்.

"செருப்பை டயர்ல வைங்க" என்று மேலேயிருந்து அவள் குரல். வைத்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது, வேகம் பாதி குறைந்தது. திருப்பத்தில் ஹேண்டில் பாரை ஒடித்துத் திருப்பினேன். கல்லுக்குத் தப்பி, கரை சரிந்திருந்த இடத்தில் வாய்க்காலுக்குள் போய் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர், மார்கழிக் குளிர். எழுந்து நின்றபோது கை கால் எல்லாம் இருந்தன. ஒரு செருப்பும் பாயின் செயினும் போய்விட்டன. லஸ்கர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினார். அதற்குள் செல்லத்தாய் அதே இறக்கத்தில் நிதானமாக இறங்கி வந்து, வாய்க்கால் விளிம்பில் கால் ஊன்றாமல் நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிகிறவரை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, சிரிக்காமல் சொன்னாள்:

"புது வண்டி அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி, ஓட்ட ஓட்டச் சரியாயிரும்."

இப்போதும் யாராவது வந்து வண்டியில் ஏதோ செத்த இளகுகிறது என்று சொன்னால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய் முதலில் என் சைக்கிளைத்தான் பார்க்கிறேன்.